இரண்டு கல்பூர்னியாக்கள்

போன பிப்ரவரியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு ஃபார்வர்டு போட்டார். காதலர் தினம் என்பது ரோமானியர்களின் ஆபாசத் திருவிழாவாம். ஆண்கள் அரைகுறை உடையில் தெருவில் ஓடி, எதிர்ப்படும் பெண்களைத் தோல்வாரால் அடிப்பார்களாம். அதைத்தான் நம் பிள்ளைகள் ரோஜாப்பூ வாங்கிக் கொண்டாடுகிறார்களாம். கடைசியில் மூன்று கோபமுகம், ஒரு "அனைவருக்கும் பகிரவும்".

வழக்கமாக இப்படி வந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அன்றைக்குச் சித்தி மட்டும் பதில் போட்டிருந்தார்: "சரி, எதுக்கு அடிச்சாங்களாம்?"

சித்தப்பாவிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது, ஆனால் குழுவில் எழுதவில்லை. கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தையில்லாமல் இருந்தவள் நான். அந்தக் குழுவில் இருக்கும் பெரியவர்களில் பாதிப் பேர் "விசேஷம் ஏதும் உண்டா?" என்று என்னிடம் கேட்டவர்கள். பிள்ளை வேண்டித்தான் அடி வாங்கினார்கள், சித்தி என்று அங்கே போய் எழுத மனம் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஃபார்வர்டைச் சரிசெய்துவிடலாம். வாலண்டைன் நாளோடு காதலைச் சேர்த்தவர் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலக் கவிஞர் சாசர். ரோமானியத் திருவிழாவுக்கும் அதற்கும் தேதி பக்கத்தில் இருப்பதைத் தவிர வேறு உறவு கிடையாது. ஆனால் ஓட்டமும் உண்மை, அடியும் உண்மை. அது பிப்ரவரி 15, பெயர் லூபர்காலியா.

ரோமில் பாலடைன் குன்றின் அடிவாரத்தில் ஒரு குகை. ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டையருக்கு ஓநாய் பால் கொடுத்த இடம் என்று ஊரார் காட்டிய குகை. அன்றைக்கு அங்கே வெள்ளாடுகளையும் ஒரு நாயையும் பலி கொடுப்பார்கள். நல்ல குடும்பத்துப் பையன்கள் இருவரை முன்னால் நிறுத்தி, ரத்தக் கத்தியை நெற்றியில் ஒற்றி எடுப்பார்கள். உடனே இன்னொருவர் பாலில் நனைத்த கம்பளியால் அதைத் துடைத்துவிடுவார். துடைத்ததும் அந்தப் பையன்கள் சிரிக்க வேண்டும். சிரிப்பு வந்தாலும் வராவிட்டாலும் சிரித்தே ஆக வேண்டும், அதுவும் சடங்கில் சேர்த்தி. பிறகு பலியாட்டின் தோலை வார் வாராக அறுத்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். இடுப்பில் ஒரு துண்டு ஆட்டுத்தோல், கையில் வார், உடம்பெல்லாம் எண்ணெய். குன்றைச் சுற்றி ஓட்டம் தொடங்கும். தூய்மைச் சடங்குக்கான பொருளுக்கு ஃபெப்ருவா என்று பெயர், அந்த வாரையும் அப்படித்தான் சொன்னார்கள். பிப்ரவரி மாதத்தின் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

வரலாற்றாசிரியர் புளூட்டார்க் ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். பெரிய இடத்துப் பெண்களும்கூட வேண்டுமென்றே வழியில் வந்து நிற்பார்களாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாத்தியாரிடம் நீட்டுவதுபோல இரண்டு கையையும் நீட்டுவார்களாம். கர்ப்பிணிக்குச் சுகப்பிரசவம், இல்லாதவளுக்குப் பிள்ளை என்று நம்பிக்கை.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். பிரம்படி வாங்கிய யாருக்கும் அந்தக் கை தெரியும். உள்ளங்கை மேலே பார்த்திருக்கும், விரல்கள் தாமாகக் கொஞ்சம் மடங்கும், முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கும். அடிக்கிறவனைப் பற்றிச் சித்தப்பாவின் ஃபார்வர்டில் நாலு பத்தி இருந்தது. நீட்டிய கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

இந்த அடி எப்படி வந்தது என்பதற்குக் கவிஞர் ஓவிட் ஒரு கதை சொல்கிறார். ரோமுலஸின் ஆட்கள் அக்கம்பக்கத்து சபைன் பெண்களைத் தூக்கிவந்து மனைவியாக்கிக்கொண்ட காலம். அந்தப் பெண்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. எல்லாரும் எஸ்குவிலின் குன்றில் ஜூனோ தேவியின் தோப்புக்குப் போய் மண்டியிட்டார்கள். மரங்கள் நடுங்கின. இத்தாலியப் பெண்களுக்குள் புனிதக் கிடா புகட்டும் என்று ஒரு குரல் கேட்டது. கூட்டம் வெலவெலத்துப் போனது. அங்கே இருந்த எட்ருஸ்கன் குறிசொல்லி ஒருவர் சமயோசிதமாக ஒரு கிடாவை வெட்டி, தோலை வாராக அறுத்து, பெண்களை முதுகைக் காட்டச் சொல்லி அடித்தார். பத்து மாதத்தில் தொட்டில் ஆடியது. அந்தக் குறிசொல்லிக்கு ஒரு கும்பிடு, சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் விட்டாரே! ஆனாலும் பாருங்கள், தூக்கிக்கொண்டு வந்தவன் ஆண், பிள்ளையில்லாத குற்றத்துக்கு முதுகைக் காட்டியவள் பெண்.

கி.மு. 44இல் நடந்த லூபர்காலியாதான் வரலாற்றிலேயே பிரசித்தமானது. அன்றைக்கு மார்க் ஆண்டனி ஓடினார். மன்றத்து மேடையில் பொன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஜூலியஸ் சீசரின் தலையில் முடி சூட்டப் போனார், சீசர் மறுத்தார். சரியாக ஒரு மாதத்தில் சீசர் கொலையுண்டார். ஷேக்ஸ்பியர் தன் நாடகத்தில் இந்தக் காட்சியில் இன்னொன்றைச் சேர்த்தார். ஓடும்போது என் மனைவி கல்பூர்னியாவைத் தொட மறந்துவிடாதே என்று ஆண்டனியிடம் சீசர் சொல்வதாக. புளூட்டார்க்கின் ஓட்டக் காட்சியில் கல்பூர்னியாவே கிடையாது, இது நாடகாசிரியரின் கைவண்ணம். ஆனால் நல்ல இடத்தில்தான் கைவைத்திருக்கிறார். சீசருக்கும் கல்பூர்னியாவுக்கும் கி.மு. 59இல் கல்யாணம் ஆனது. பதினைந்து வருஷமாகக் குழந்தை இல்லை. முந்தைய திருமணத்தில் பிறந்த ஜூலியா சீசருக்கு ஒரே மகள். அவள் கி.மு. 54இல் பிரசவத்தில் இறந்தாள், குழந்தையும் சில நாளில் போய்விட்டது. தலைவன் வீட்டிலேயே இந்த நிலை.

ரோமின் பிள்ளைப்பேற்றுச் சடங்குகளைப் பற்றிப் பேசும்போது சிரிப்பும் கிளுகிளுப்பும்தான் முதலில் வருகிறது. அதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். பிறந்த குழந்தைகளில் பாதிக்குப் பாதி பத்து வயதைத் தாண்டவில்லை என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஒரு பெண் ஐந்தாறு பெற்றால்தான் ஊரில் தலைகளின் எண்ணிக்கை குறையாமல் நிற்கும். லட்சியத் தாய் என்று ரோம் கொண்டாடிய கொர்னீலியா பன்னிரண்டு பெற்றாள், வளர்ந்து ஆளானது மூன்று. பெண்ணுக்குச் சட்டப்படி கல்யாண வயது பன்னிரண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டு அடுத்த சமாச்சாரத்துக்கு வாருங்கள்.

அடுத்தது எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். பாம்பேயி.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த ஊரைத் தோண்டத் தோண்ட ஆண்குறிகளாக வந்தன. சுவரில், கடைவாசலில், நடைபாதைக் கல்லில். வெண்கலத்தில் செய்து, சிறகு வைத்து, கீழே குட்டி மணிகள் கட்டி வாசலில் தொங்கவிட்டவை. ஒரு ரொட்டிக்கடை அடுப்பின் மேல் செதுக்கிய குறிக்கு மேலும் கீழுமாக, இங்கே ஃபெலிசிடாஸ் குடியிருக்கிறாள் என்று எழுத்து. ஃபெலிசிடாஸ் என்றால் மகிழ்ச்சி, கூடவே செழிப்பு, விளைச்சல். ரொட்டி நன்றாக உப்பி வரட்டும் என்பதுதான் எனக்குப் புரிந்த பொருள். தோண்டியெடுத்தவற்றை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 1819இல் மனைவியோடும் மகளோடும் பார்க்க வந்த இளவரசர் முகம் சிவந்து, எல்லாவற்றையும் ஒரு அறையில் போட்டுப் பூட்டச் சொன்னார். நடுநடுவே திறந்து மூடி, பொதுமக்களுக்கு ஒழுங்காகத் திறந்தது 2000ஆம் ஆண்டில்தான்.

இளவரசர் நினைத்த அர்த்தத்தில் அவை தொங்கவில்லை. அவை திருஷ்டிக்கு. ஃபாஸ்கினும் என்று பெயர். கண்ணேறு படாமல் இருக்கக் குழந்தையின் கழுத்தில் கட்டுவார்கள். தளபதி வெற்றி ஊர்வலம் போகும்போது அவர் தேருக்கு அடியில் ஒன்று தொங்கும், ஊரே பொறாமைப்படும் நாள் அல்லவா. இதைத் தெய்வமாகவும் கும்பிட்டார்கள்; அதற்குப் பணிவிடை செய்தவர்கள் வெஸ்டா கோயில் கன்னியர், அதாவது முப்பது வருஷம் ஆண் வாடை படாமல் இருக்க நேர்ந்துவிடப்பட்ட பெண்கள். குழந்தை கன்னத்தில் மைப்பொட்டும் கட்டுகிற வீட்டின் முன்னால் பூசணிப் பொம்மையும் வைக்கிற நமக்கு இதன் தர்க்கம் புதிதல்ல. கண்ணை இழுக்க ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் லிங்கத்தைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுக் கருத்துப் பெட்டியில் சண்டை போடாதீர்கள், தயவுசெய்து.

முடிச்சு என்றதும் நினைவுக்கு வருகிறது. மணப்பெண்ணின் இடுப்புக் கயிற்றில் போடும் முடிச்சுக்கு ஹெர்குலிஸ் முடிச்சு என்று பெயர். ஹெர்குலிஸுக்கு எழுபது பிள்ளைகள் என்று கதை, அந்தப் பாக்கியம் தொற்றட்டும் என்று மாப்பிள்ளைதான் அதை அவிழ்ப்பான். கல்யாணத்தில் முடிச்சு நல்லது, பிரசவத்தில் முடிச்சு கூடாது. பேற்றுக்குக் காவலான ஜூனோ லூசினாவின் கோயிலுக்குப் போகும் கர்ப்பிணி கூந்தலை அவிழ்த்துவிட்டுத்தான் கும்பிட வேண்டும். எஸ்குவிலினில் கி.மு. 375இல் கட்டிய கோயில் அது, மார்ச் 1 திருநாள். கர்ப்பிணியின் பக்கத்தில் யாரும் விரல்களைக் கோத்துக்கொண்டு உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. அதற்கும் ஹெர்குலிஸ்தான் காரணம். அவன் தாய் அல்க்மீனா ஏழு நாள் வலியில் துடித்தாள். ஜூனோ அனுப்பிய பிரசவத் தெய்வம் வாசலில் விரல்களைக் கோத்துக் கால்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் தடை. வேலைக்காரி ஒருத்தி வெளியே ஓடிவந்து, எங்கம்மாவுக்குப் பிள்ளை பிறந்தாச்சு என்று பொய் சொன்னாள். தெய்வம் அதிர்ந்து எழுந்தது, கைகள் விலகின, உள்ளே குழந்தை பிறந்தது. தெய்வத்தை ஏமாற்றியதற்காக அந்த வேலைக்காரியை மரநாயாக மாற்றிவிட்டார்கள் என்று ஓவிட் முடிக்கிறார். எனக்கு இந்தக் கதையில் அவளைத்தான் பிடிக்கும்.

பிள்ளை பிறந்தபின் காவல் இன்னும் கூடுகிறது. காட்டுத் தெய்வம் சில்வானஸ் இரவில் வந்து பிள்ளை பெற்றவளை வதைக்கும் என்று பயம். மூன்று ஆண்கள் ராத்திரியில் வீட்டைச் சுற்றி வருவார்கள். வாசற்படியை ஒருவர் கோடாலியால் தட்டுவார், அடுத்தவர் உலக்கையால் இடிப்பார், மூன்றாமவர் விளக்குமாற்றால் பெருக்குவார். கோடாலி இல்லாமல் மரம் வெட்ட முடியாது, உலக்கை இல்லாமல் தானியம் குத்த முடியாது, விளக்குமாறு இல்லாமல் குவிக்க முடியாது. இது மனிதர்கள் உழைத்து வாழும் இடம், காடு உள்ளே வரக் கூடாது என்று சொல்கிற முறை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தெய்வம் வேறு: இன்டர்கிடோனா, பிலும்னஸ், டெவெர்ரா. சித்தியிடம் போனில் இதை மட்டும் சொன்னேன். "விளக்குமாறு சரி. ஆம்பளைங்களா பெருக்கினாங்க?" என்றார்.

ரோமானியர்களுக்குத் தெய்வங்களுக்குப் பஞ்சமே இல்லை. குழந்தையின் முதல் அழுகைக்கு ஒருவர், தொட்டிலுக்குக் குனினா, முலைப்பாலுக்கு ருமினா, குடிக்கப் பழக்க போடினா. முதலிரவு அறைக்கு மட்டும் ஒரு பட்டாளம், பெயர்களும் வேலைகளும் இங்கே வேண்டாம். இந்தப் பட்டியல் நம் கைக்கு வந்ததே ஒரு வேடிக்கை. வார்ரோ என்ற ரோமானிய அறிஞர் எழுதி வைத்தார். ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார் அதைக் கிண்டல் செய்வதற்காக எடுத்தாண்டார். மணமக்களைத் தனியாக விட வேண்டிய நேரத்தில் அறையில் இத்தனை கூட்டமா என்று கேட்டார். வார்ரோவின் மூலநூல் அழிந்துவிட்டது, கிண்டல் பிழைத்திருக்கிறது. மணப்பெண்ணை முடுனுஸ் டுடுனுஸ் என்ற சாமியின் குறிமேல் உட்கார வைத்தார்கள் என்ற செய்தியும் இப்படி எதிர்முகாமிலிருந்து வந்ததுதான். அதனால் அதை நான் ஒரு சிட்டிகை உப்போடுதான் படிக்கிறேன்.

படிக்கவே கஷ்டமாக இருந்த சடங்கு ஒன்று உண்டு. ஏப்ரல் 15, ஃபோர்டிகிடியா. நிலத்தில் விதை கருவாக இருக்கும் மாதம். பூமித் தெய்வமான டெல்லுஸுக்குச் சினைப்பசுக்களைப் பலி கொடுப்பார்கள். வயிற்றிலிருந்து எடுத்த கன்றுகளை மூத்த வெஸ்டா கன்னி எரிப்பாள். அந்தச் சாம்பலை எடுத்து வைத்து, ஏப்ரல் 21 மேய்ப்பர் திருநாளில் தூய்மைக்குப் பயன்படுத்துவார்கள். நிறைந்த வயிற்றுக்கு நிறைந்த வயிறு.

அரண்மனைக்கும் பிள்ளைக் கவலை உண்டு. கி.மு. 42. பதினாறு பதினேழு வயது லிவியாவுக்கு முதல் கர்ப்பம், ஆணா பெண்ணா தெரிய வேண்டும். அடைகாத்த கோழியிடமிருந்து ஒரு முட்டையை எடுத்துத் தன் மார்புச்சூட்டில் வைத்துக்கொண்டாள். எப்போதாவது எடுக்க வேண்டி வந்தால் சூடு ஆறுவதற்குள் தாதியின் மார்புக்கு மாற்றுவாள். இப்படி மூன்று வாரம்! உட்கார்ந்தால், திரும்பினால், தும்மினால் உடையக்கூடிய ஒரு பொருளை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடமாடுவதை நினைத்துப் பாருங்கள். அழகான கொண்டையோடு சேவல் குஞ்சு வந்தது. மகன் பிறந்தான், அவன்தான் பின்னாளில் பேரரசர் டைபீரியஸ். பிற்பாடு லிவியா, பின்னாளில் பேரரசரான அகஸ்டஸைக் கட்டிக்கொண்டாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தும் அவர்களுக்கு ஒரு குழந்தை தங்கவில்லை.

அந்த அகஸ்டஸ்தான் பிள்ளை பெறாதவர்களுக்குத் தண்டனைச் சட்டம் போட்டவர். கி.மு. 18இல் ஒன்று, கி.பி. 9இல் ஒன்று. கல்யாணம் ஆகியும் பிள்ளையில்லாதவருக்கு உயிலில் யாராவது சொத்து எழுதினால் பாதிதான் கிடைக்கும். மூன்று பிள்ளை பெற்றவர்களுக்குச் சலுகைகள். இரண்டாவது சட்டத்தைக் கொண்டுவந்த இரு கான்சல்களும் கல்யாணமே ஆகாதவர்கள். லிவியாவுக்கு மூன்று பிள்ளை உரிமை கி.மு. 9இல் தனியாக வழங்கப்பட்டது. அவளுடைய இரண்டாவது மகன் இறந்த துக்கத்துக்கு ஆறுதலாக.

லிவியாவின் முட்டைக் கதையை எழுதி வைத்தவர்களில் ஒருவர் மூத்த பிளினி. முப்பத்தேழு தொகுதி 'இயற்கை வரலாறு' எழுதியவர். பாம்பேயியை அழித்த அதே எரிமலையில் செத்தவர். அவர் நூல் முழுக்கப் பிள்ளைப்பேற்று மருந்துகள் சிதறிக்கிடக்கின்றன. கழுகுக்கல் என்று ஒன்று, ஆட்டினால் உள்ளே இன்னொரு கல் கலகலக்கும். கல்லுக்குள் கல், வயிற்றுக்குள் பிள்ளை. கட்டிக்கொண்டால் கரு கலையாது. பிரசவ நேரத்தில் அவிழ்க்க மறந்தால் பிள்ளை வெளியே வராது. கழுதைப்புலியின் வலக்கால் பேற்றை எளிதாக்கும், இடக்கால் உயிரை வாங்கும். கழுதைப்புலியின் கண்ணை அதிமதுரத்தோடும் சதகுப்பையோடும் சாப்பிட்டால் மூன்றே நாளில் கரு நிற்கும், உத்தரவாதம். இந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தவளை நம் ஊர்ப் பழமொழி கேலி செய்யும். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸும் இதே குரலில்தான் பேசும். சிரித்தபிறகு, அதிமதுரம் போட்டு யாரோ கொடுத்த கஷாயத்தை நானும் ஒரு மண்டலம் குடித்தது நினைவுக்கு வந்தது.

அந்தக் காலத்திலும் தெளிவான ஆள் ஒருவர் இருந்தார். எபேசு ஊர்க்காரர், ரோமில் வைத்தியம் பார்த்த சொரானஸ். மருத்துவச்சிக்கு என்ன தகுதி வேண்டும் என்று எழுதும்போது மூடநம்பிக்கை இருக்கக் கூடாது என்று ஒன்றைச் சேர்க்கிறார். கனவு, சகுனம் என்று பார்த்துக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிடக் கூடாது. அதே சொரானஸ் ரத்தப்போக்குக்குத் தாயத்து கட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது, அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் வேண்டாம் என்று தடுக்காதீர்கள், நம்பிக்கையில் அவள் மனம் கொஞ்சம் தெளியும் என்கிறார். என் டாக்டரும் அப்படித்தான். என் மணிக்கட்டில் நாலு கோயில் கயிறு இருந்தது. ஒன்றும் சொல்லாமல் அவற்றை மேலே தள்ளிவிட்டு நாடி பார்த்தார்.

சொரானஸ் ரோமில் இருந்த பேரரசர் டிராஜன் காலத்தில்தான் இரண்டாவது கல்பூர்னியா.

மூத்த பிளினி தன் சகோதரி மகனைத் தத்தெடுத்திருந்தார். அந்த இளைய பிளினி பெரிய வழக்கறிஞர், கடிதங்களால் பெயர் பெற்றவர். முந்தைய திருமணங்களில் அவருக்குக் குழந்தை இல்லை. பேரரசர் டிராஜன் அவருக்கும் மூன்று பிள்ளை உரிமையைக் கொடுத்தார். இல்லாத மூன்று பிள்ளைகளுக்கு! பிறகு நாற்பது வயதை ஒட்டி, கோமோ ஊர்ச் சிறுபெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். அவள்தான் கல்பூர்னியா. தாயுமில்லை தகப்பனுமில்லை, வளர்த்தவர்கள் தாத்தாவும் அத்தையும். கணவரின் கவிதைகளுக்கு யாழ் மீட்டிப் பாடுகிற பெண்.

அவளுக்குக் கரு கலைந்தது. பிளினி இரண்டு கடிதம் எழுதினார். கொள்ளுப்பேரனுக்குக் காத்திருந்த தாத்தாவுக்கு எழுதியதில் ஒரு சங்கடம் தெரிகிறது. சின்னப்பெண், கர்ப்பம் என்றே அவளுக்குத் தெரியவில்லை, செய்யக் கூடாததைச் செய்துவிட்டாள், உயிர் போகும் நிலைக்குப் போய்ப் பாடம் கற்றாள், இனிமேல் பிறக்கும் என்பதற்கு இது சான்று என்று வக்கீல் மாதிரி வாதாடுகிறார். தாத்தா அவளைக் குறை சொல்வார் என்று அவருக்குத் தெரியும். அத்தைக்கு எழுதியது வேறு மாதிரி. ஆபத்து தாண்டிவிட்டது, தேறி வருகிறாள், கவலைப்படாதீர்கள் என்று அவளைப் பற்றியே இருக்கிறது. வீட்டு அலமாரியில் மாமாவின் முப்பத்தேழு தொகுதியும் இருந்திருக்கும், கழுகுக்கல்லும் கழுதைப்புலிக் காலும் உட்பட. கர்ப்பம் என்று தெரிந்திருந்தால் அவள் கழுத்திலும் ஒன்றைக் கட்டியிருப்பார்கள்.

அதன்பிறகும் பிள்ளை பிறக்கவில்லை. கி.பி. 110 வாக்கில் பிளினி கருங்கடல் ஓரத்துப் பித்தினியாவுக்கு ஆளுநராகப் போனார். கல்பூர்னியாவும் உடன் போனாள். அங்கே இருக்கும்போது கோமோவிலிருந்து தாத்தா இறந்த செய்தி வந்தது. அத்தை தனியாக இருக்கிறாள் என்று அவள் உடனே புறப்பட்டாள். அரசு வண்டிகளில் போக அவளுக்கு அனுமதிச்சீட்டு கொடுத்துவிட்டேன், சொந்தக் காரியத்துக்குக் கொடுக்கும் வழக்கமில்லைதான், உங்களைக் கேட்டுக் காத்திருந்தால் துக்கத்துக்குப் போய்ச் சேர நேரமாகிவிடும் என்று பிளினி பேரரசருக்கு எழுதினார். நீங்கள் செய்தது சரிதான் என்று டிராஜன் இரண்டு மூன்று வரியில் பதில் போட்டார். பிளினியின் கடிதத் தொகுப்பில் கடைசிக் கடிதம் அதுதான்.